நாலேகால் லிட்டர்

விலை அதிகமான டப்பாவைத்தான் முதலில் தொட்டான்
தணிகைவேல்.
பொன்னிற மூடி, சீறிப் பாயும் காரின் படம்,
அடியில் ஜீரோ டபிள்யூ இருபது.
"இதையே ஊத்திடுக்கா. காசப் பத்திக் கவலையில்ல."

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
நாற்பதடிப் பெட்டியைக் கப்பலின் முதுகில்
முட்டை வைப்பதுபோல் வைக்கிறவன்.
ஏலத்தில் எடுத்த சிவப்பு டர்போ,
இவனுக்கு முன் இரண்டு பேரைப் பார்த்தது,
வந்து பதினோரு நாள்.
பம்பரில் கட்டிய எலுமிச்சை
இன்னும் முழுதாய்க் காயவில்லை.

டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

டபிள்யூ என்றால் பனிக்காலம், தம்பி.
அதற்கு முன்னால் நிற்கும் எண்
விடிகாலையில் விறைத்துக் கிடக்கும் எஞ்சினுக்கு.
எர்ணாவூரில் ஏது பனி?
மார்கழியில்கூட இங்கே
கோலமாவு கைக்குச் சில்லென்று இருக்காது.
நீ பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் எண்ணை.
கொதிக்கும்போதும் இவ்வளவு கெட்டியாய் இருப்பேன் என்று
எண்ணெய் கொடுக்கும் வாக்கு அது.

எங்கே ஓட்டுகிறாய்?
"எக்ஸ்பிரஸ் ரோட்ல. நைட்டு ரெண்டு மணிக்கு.
நூத்தியெழுபது போச்சுக்கா" என்றவன்
நாக்கைக் கடித்துக்கொண்டான்.
பகலில்?
பகலில் எல்லோரையும்போலத்தான்.
ட்ரெய்லர் வரிசையின் வாலைப் பிடித்து
முதல் கியரில் ஊர்ந்து
ஒன்றேமுக்கால் மணி நேரம்,
மேலே சாம்பல், கீழே தார்,
ரேடியேட்டருக்கு ஊதக் காற்றில்லை.

நூற்றியெழுபதைக்கூட மன்னிக்கும் எஞ்சின்.
நின்ற இடத்திலேயே வேகும்
அந்த ஒன்றேமுக்காலை மன்னிக்காது.
இன்னொன்று.
பறந்து வந்து நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடுகிறாய்தானே?
டர்போவுக்குள் எண்ணெய் அப்படியே கரியாகிறது.
ஒரு நிமிடம் விடு. மூச்சு வாங்கட்டும்.

மேனுவல் கேட்டேன்.
"ஏலத்துல அது வரலக்கா."
கம்பெனிக்காரன் எழுதிய அனுமதி எண்ணைத் தேடி
என் நோட்டைப் புரட்டினேன்.
ஃபைவ் டபிள்யூ நாற்பது, முழு சிந்தெடிக்.
பொன்மூடியைவிட ஆயிரத்து நூறு ரூபாய் குறைவு.
அவன் முகம் வாடிவிட்டது.
இந்த வண்டிக்கு மலிவு ஆயிலா என்று
வண்டியின் சார்பில் வருத்தப்பட்டான்.

மூடியின் வளையம் அறுபடாமல் இருக்கிறதா,
நீயே பார்த்துக்கொள் என்று கையில் கொடுத்தேன்.
காலி டப்பாவில் கண்டதை நிரப்பி
அச்சு அசலாய் விற்பவர்கள் இருக்கிறார்கள்.
நான்கு டப்பாவையும்
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
கள்ளநோட்டுப் பார்ப்பதுபோல.

பிறகு அடியில் போய் போல்ட்டைத் திறந்தேன்.
ஒழுகவில்லை. யோசித்து இறங்கியது
கறுப்பாய், கயிறாய்.
முந்தைய இரண்டு பேரும்
ஒரு தடவைகூட மாற்றவில்லை போலிருக்கிறது.
கைக்குள் வந்ததும் தெரிந்துவிட்டது
அந்த வாசனை.

வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்த வருடம்
எங்கள் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கோடு.
இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தும்
மழைக்கு மழை மேலெழுந்து வரும்.
அதற்கு என்ன கிரேடு என்று
யாரும் எழுதி ஒட்டவில்லை.
நண்டு வலையைக் கொளுத்திவிட்டு
என் வீட்டுக்காரர் லாரிக்குப் போனார்.
நான் ஸ்பேனரை எடுத்தேன்.

புது ஃபில்டர், புது செம்பு வாஷர்.
நாலேகால் லிட்டர் தேனாய் இறங்கியது.
குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தேன்.
இரண்டு கோட்டுக்கும் நடுவில்.

ஸ்டார்ட் செய்தான்.
கடகடப்பு ஒரு நொடி, அப்புறம் இல்லை.
"கேக்குதாக்கா?"
கேட்காததைத்தான் கேட்கச் சொல்கிறான்.

அவன் போன பிறகு
கழிவெண்ணெயை டின்னில் ஊற்றி
மூடியைத் திருகினேன்.
கடையை அடைத்துப் பூட்டும்போது
திரும்பிப் போய்
இன்னொரு தரம் திருகினேன்.
வாஷருக்குக் காசு வாங்க மறந்திருந்தேன்.